நாவல் வழியே நிசேயா

கிறிஸ்து இறைவன் என்று முடிவானது கி.பி. 325இல், நிசேயா பொதுச்சங்கத்தில், கான்ஸ்டன்டைன் பேரரசன் நடத்திய வாக்கெடுப்பில்தான். விவிலியத்தில் எந்த நூல் இடம்பெற வேண்டும் என்று தீர்மானித்ததும் அதே சங்கம்தான். இலக்கிய நண்பர்கள் பலர் இதை ஐயமின்றிச் சொல்கிறார்கள். ஆதாரம் கேட்டால், 2003இல் வெளிவந்த ‘டா வின்சி கோட்’ நாவலைத் தாண்டி அநேகர் செல்வதில்லை. குறுந்தொகைப் பாடலொன்றின் பாடபேதத்துக்காகப் பதிப்புகளைப் புரட்டும் நாம், பிற சமயத்தின் வரலாற்றுக்கு மட்டும் ஒரு துப்பறியும் நாவல் போதும் என்று அமைவது என்ன நியாயம்?

நிசேயாவின் விவாதக் குறிப்புகள் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைப்பவை ஒரு விசுவாசப் பிரமாணம், 20 விதிகள், சில கடிதங்கள், பங்கேற்ற சிலரின் பிற்கால எழுத்துகள். அந்த 20 விதிகளில் ஒன்றேனும் விவிலிய நூற்பட்டியலைத் தொடவில்லை. இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களை மட்டும் அப்படியே வரிசைப்படுத்தும் நமக்குத் தெரிந்த முதல் ஆவணம், 367இல் அத்தனாசியுஸ் எழுதிய பாஸ்கா மடல். கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடிய வழக்கத்துக்கோ, ஏறத்தாழ 112இல் ஆளுநர் பிளினி டிராஜன் பேரரசனுக்கு எழுதிய கடிதம் சான்று. எழுதியவர் கிறிஸ்தவர் அல்லர். கிறிஸ்தவர்களை விசாரித்துத் தண்டித்தவர். நிசேயாவில் எழுந்த கேள்வி வேறு: மகன் தந்தையைப் போல் என்றும் உள்ளவரா, படைக்கப்பட்டவரா?

பக்திப் பிரசுரங்களையும் நாம் விட்டுவிடுவதற்கில்லை. கோட்பாடு தொடக்கம் முதலே மாற்றமின்றி இருந்தது என்கின்றன அவை. தந்தையும் மகனும் ஒரே சாரத்தினர் எனக் கூற நிசேயா கையாண்ட ‘ஹோமோஊசியோஸ்’ என்ற கிரேக்கச் சொல் விவிலியத்தில் இல்லை. அச்சொல்லை ஒட்டிய பூசல் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. இன்று நிசேயாவின் பெயரால் ஆலயங்களில் ஓதப்படும் பிரமாணமும் 325இன் வாசகம் அன்று. 381ஆம் ஆண்டின் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தோடு இணைத்துச் சொல்லப்படுவது.

உண்மையான சிக்கல், தோற்றவர் நூல்கள் அழிந்துபோனதுதான். ஆரியுஸின் ‘தாலியா’வை அவருடைய பகைவரான அத்தனாசியுஸ் காட்டும் மேற்கோள்களில்தான் படிக்கிறோம். நீலகேசியின் மறுப்பிலிருந்து குண்டலகேசியை ஊகிக்கும் தமிழ் வாசகருக்கு இந்த அவஸ்தை புதிதன்று. ஞானவாதிகளையும் நெடுங்காலம் இரேனியுஸ் போன்ற எதிராளிகளின் கண்டன நூல்கள் வழியாகவே உலகம் பெரிதும் அறிந்திருந்தது. 1945இல் எகிப்தின் நாக் ஹமாதியில் கோப்டிக் ஏடுகள் கிடைத்த பிறகே அவர்கள் தரப்பையும் அருகே வைத்து ஒப்பிட முடிந்தது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்றே: எழுதியவர் யார், எப்போது, யாரை எதிர்த்து? நம்புவதும் மறுப்பதும் அவரவர் உரிமை. இந்த மூன்றையும் கேளாமல் மறுப்பவர், தாம் எள்ளும் பக்தரைவிட எவ்விதத்திலும் பகுத்தறிவாளர் அல்லர்.