555 நோட்டும் ஒரு பூதமும்

எந்தத் தன்முனைப்புப் பேச்சாளர் மேடை ஏறினாலும் ஓர் அறிவுரை கட்டாயம் விழும்: "ஆங்கிலச் சொல்வளம் வேண்டுமா? கிளாசிக் நாவல் படி. தெரியாத சொல்லை எல்லாம் எழுதி வை." எல்லாரும் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டியவன்தான். இப்போது சொல்கிறேன், இது மோசமான அறிவுரை. சொல்லும் வராது, நாவலும் போய்விடும்.

எஸ்.டி.பி.எம். படித்த காலம். மூவெட் தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலையும் ஒரு 555 நோட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'கவுண்டனன்ஸ்' என்றால் முகம், முகபாவம். 'பெனெவலன்ஸ்' என்றால் நல்லெண்ணம். 'ரெட்ச்' என்றால் இழிந்தவன். நோட்டு நிரம்பியது. கதையா? ஒரு விஞ்ஞானி, ஒரு பூதம், கடைசியில் பனிக்கட்டி. அவ்வளவுதான் மனதில் நின்றது.

பட்டம் வாங்கியபின் முதல் நேர்முகத் தேர்வு. தொழிற்பயிற்சியில் சந்தித்த ஒரு சிக்கலைச் சொல்லச் சொன்னார்கள். பம்பு நின்றுபோன அன்று சூப்பர்வைசரின் முகம் மாறியதைச் சொல்லவந்தேன். 'ஃபேஸ்' என்று சொல்லியிருந்தால் போதும். 'கவுண்டனன்ஸ்' என்றேன். எதிரே இருந்த மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, பம்புக்கு என்ன ஆச்சு?" என்றார். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலையும் கிடைக்கவில்லை.

அகராதி என்னை ஏமாற்றவில்லை. பொருள் சரி, இடம்தான் தப்பு. 1818-இல் வெளிவந்த நாவலில் இயல்பாக உட்கார்ந்திருந்த சொல்லைப் பிடுங்கி, பம்பு பற்றிய பேச்சில் நட்டால் அது முளைக்காது. ஒரு சொல்லுக்கு எவ்வளவு வயது, யார் யாரிடம் பேசுவது, எந்தத் தொனியில் என்பதெல்லாம் 555 நோட்டில் ஏறாது.

சில வருடம் கழித்து அதே நாவலை நோட்டு இல்லாமல் படித்தேன். வெட்கமாகிவிட்டது. அதன் நடுவில் இருப்பதே மொழி கற்கும் கதைதான். அந்த உயிர் ஒரு குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொண்டு, சுவர் இடுக்கு வழியாக ஒரு குடும்பம் பேசுவதைக் கேட்கிறது. முதலில் பிடிபடும் சொற்கள் நெருப்பு, பால், ரொட்டி, விறகு. நல்ல, அன்பான, சோகமான என்பவை காதில் விழுகின்றன, ஆனால் புரியவில்லை. அந்த வீட்டின் வறுமையைப் பார்த்துவிட்டு ராத்திரியில் விறகு வெட்டி வாசலில் போடுகிறது. மொழி அதற்கு இப்படித்தான் வருகிறது, பட்டியலாக அல்ல.

அடுத்துதான் வலிக்கும் இடம். மொழியில் தேர்ந்துவிட்டால் தன் கோர உருவத்தை மனிதர்கள் பொருட்படுத்த மாட்டார்கள் என்று அது நம்புகிறது. கண் தெரியாத முதியவரிடம் போய்ப் பேசுகிறது. அவர் பரிவோடு கேட்கிறார். வெளியே போயிருந்த மகன் திரும்பி வருகிறான். பார்த்ததும் தடியால் அடிக்கிறான்.

'நல்லா இங்கிலிஷ் பேசுனா எல்லாரும் மதிப்பாங்க' என்பது நம் வீடுகளின் வேதவாக்கு. எனக்கு அந்த வேலை போனது என் நிறத்தாலோ பெயராலோ அல்ல, என் உளறலால். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மொழி மட்டுமே எல்லாக் கதவையும் திறந்துவிடும் என்ற நம்பிக்கை எவ்வளவு அபாயமானது என்று அந்த நாவல் என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் அருஞ்சொற்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன்.

'ரெட்ச்' என்ற சொல்லையே எடுங்கள். படைத்தவன் தன் படைப்புக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. இந்த மாதிரி வசைகளால்தான் குறிப்பிடுகிறான். பிற்பாடு அதே சொல்லைத் தனக்கும் சொல்லிக்கொள்கிறான். வசையாக இருந்தது கழிவிரக்கமாக மாறுகிறது. 'இழிந்தவன்' என்று எழுதி வைத்தவனுக்கு இதில் என்ன கிடைத்தது?

"தேர்வுக்கு வேண்டாமா?" என்று கேட்பீர்கள். மூவெட்டில் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று நான்கு தாள்கள். அருஞ்சொல் ஒப்பிக்கத் தனித் தாள் இல்லை. அமெரிக்காவில் எஸ்.ஏ.டி. மாணவர்களுக்காகக் கப்லான் நிறுவனம் இதே நாவலைத் தேர்வுச் சொற்களுக்குப் பொருள் போட்டு விற்றது. அருஞ்சொல் தெரிந்தால்தான் நிரப்ப முடியும் என்றிருந்த வாக்கிய நிறைவுக் கேள்விகளை அந்தத் தேர்வே 2016-இல் கைவிட்டுவிட்டது. நம் மேடைகள் மட்டும் கைவிடவில்லை.

இது ஆங்கிலத்தோடு நிற்கவில்லை. தமிழ்ப்பள்ளியில் மரபுத்தொடரையும் உவமைத்தொடரையும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்து, கட்டுரைக்குள் செருகி மதிப்பெண் வாங்கிய தலைமுறை நாம். கதையைச் சொற்கிடங்காகப் பார்க்கும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது.

நாவல் படித்தால் சொல் வராது என்று நான் சொல்லவில்லை. வரும், கதையின் பின்னால் வரும். தெரியாத சொல்லை முதல் தடவை தாண்டிப் போங்கள். மூன்றாம் தடவையும் வந்து வழிமறித்தால் அகராதியை எடுங்கள். பம்பு ஏன் நின்றது என்று எளிய ஆங்கிலத்தில் சொல்லப் பழக வேண்டுமென்றால், பம்பு பற்றி எழுதியதைப் படியுங்கள். அந்த வேலைக்கு மேரி ஷெல்லியைக் கூப்பிடாதீர்கள்.