துருவுக்கு ஆசிட் வேண்டாம்

அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. கணக்கில் தேய்மானம் போட்டே பூஜ்யமாகிப்போன வண்டியின் ஒவ்வொரு பாகமும் இப்போது பொக்கிஷம். அதைப்போய் ஆசிட்டில் முக்குவது என்ன நியாயம்? வேலை சீக்கிரம் முடியும், சரி. ஆனால் கொஞ்சம் அசந்தால் துருவோடு நல்ல இரும்பையும் தின்றுவிடுமே!

பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், கொஞ்சம் வாஷிங் சோடா, பழைய மாடல் பேட்டரி சார்ஜர் போதும். துருப்பிடித்த பாகத்துக்கு நெகடிவ், வேண்டாத இரும்புத் தகட்டுக்கு பாசிடிவ். (தகட்டுக்குப் பதில் எவர்சில்வர் கரண்டியைப் போட்டுவிடாதீர்கள், அதிலுள்ள குரோமியம் விஷமாகக் கரையும்.) ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால் வாளி திறந்தவெளியில்தான் இருக்கவேண்டும், பக்கத்தில் சிகரெட் கூடாது. சில மணி நேரத்தில் துரு கறுத்து, பிரஷ் போட்டாலே உதிரும். நல்ல இரும்பு அப்படியே இருக்கும். ஆனால் கழுவித் துடைத்துக் காய்ந்த கையோடு பிரைமர் அடிக்காவிட்டால், மறுநாளே மறுபடியும் செம்மண் நிறம்தான்.