அறுந்த பிறகுதான் மாற்றுவீர்களா?



ஆக்லாந்தில் மகனின் பாய்மரப் படகில் போய்வந்தேன். முன்பாயைச் சுருட்டும் ஃபர்லிங் கயிறு, உருளைக்குள் நுழையும் இடத்தில் மேலுறை பிய்ந்து நார்நாராகக் கிடந்தது. கேட்டால், "இன்னும் அறுந்து போகலையேப்பா" என்கிறான். படகில் பேத்தியும் இருந்தாள்.

இந்தப் பேச்சைத்தான் நான் எதிர்க்கிறேன். அந்தக் கயிறு சும்மா கிடக்கும்போது அறாது. காற்று வலுத்து, பாயைச் சுருக்க இழுக்கும்போதுதான் அறும். அறுந்தால் பாய் முழுதாக விரிந்துகொள்ளும். திரும்பச் சுருட்டக் கையில் கயிறு இருக்காது.

சரி, மாற்றலாம் என்றால் அடுத்த வாதம்: "தடியாப் போட்டா பலம்தானே?" கணக்கு வாத்தியார் மகன் பேசுகிற பேச்சா இது! பாய் விரிய விரியக் கயிறு உருளையில் சுற்றிக்கொள்ள வேண்டும். 8 மி.மீ. கயிற்றுக்கான உருளையில் 12 மி.மீ. போட்டால், தடிமன் ஒன்றரை மடங்கு, அடைக்கும் இடமோ இரண்டேகால் மடங்கு. சிக்காமல் என்ன செய்யும்?

பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டு, பழைய கயிற்றின் நுனியோடு புது 8 மி.மீ. கயிற்றை முட்டவைத்துத் தைத்து, வளையங்கள் வழியே இழுத்தோம். உருளையில் மூன்று சுற்று மிச்சம் விட்டு முடிச்சிட்டான். ஒரு மணி நேர வேலை. இதற்குத்தான் ஒரு வருடமாக நேரமில்லையாம். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து இதே காரணம் சொன்னவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள்.