ஆறரைப் புள்ளியும் ஐம்பது சொற்களும்

அவுஸ்திரேலியக் கூட்டரசின் பாராளுமன்றம் 1901 ஆம் ஆண்டிலே, தான் கூடிய முதலாண்டிலேயே, குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. வெள்ளையரல்லாதார் அந்நாட்டில் வந்து குடியேறலாகாது என்பதே அச்சட்டத்தின் உட்கிடை. ஆயின் அதன் வாசகத்திலே நிறம் என்றோ இனம் என்றோ ஒரு சொல்லைக் காணமுடியாது. துறைமுகத்தில் வந்திறங்குபவனுக்கு அதிகாரி ஒருவர் ஐரோப்பிய மொழியொன்றில் 50 சொற்கள் கொண்ட பந்தியொன்றை வாசிப்பார். வந்தவன் அதனைக் கேட்டு எழுதுதல் வேண்டும். எம்மொழியில் வாசிப்பது என்பதைத் தீர்மானிப்பவர் அதிகாரியே. ஆங்கிலம் தெரிந்தவனுக்கு, அவனுக்குத் தெரியாத வேறொரு மொழியில் வாசித்தாற் காரியம் முடிந்தது. 1909 ஆம் ஆண்டின் பின்னர் அப்பரீட்சையில் ஒருவர்தானும் சித்தியெய்தவில்லை. 1934 இல் போரையும் பாசிசத்தையும் எதிர்த்துப் பேசுவதற்கென அங்கு சென்ற பிராக் நகரத்து இடதுசாரி எழுத்தாளர் எகோன் கிஷ் ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்தவராயிருந்தமையால், அவரை ஸ்கொட்லாந்தின் கேலிக் மொழியிற் பரீட்சித்தார்கள்! அம்மொழி சட்டம் கருதும் ஐரோப்பிய மொழியன்று என்று நாட்டின் உயர் நீதிமன்றமே சொல்லவேண்டியதாயிற்று. அந்தப் பரீட்சை 1958 இலேதான் ஒழிக்கப்பட்டது.

இப்பழங்கதையை இங்கு எடுத்தமைக்குக் காரணம் உண்டு. எமது வீதிகளிலே மின்கம்பம் தோறும் ஒட்டப்பட்டிருக்கும் ‘ஐயெல்ட்ஸ்’ வகுப்பு விளம்பரங்களைக் காணும்போதெல்லாம் அந்த 50 சொற்கள் என் நினைவுக்கு வருகின்றன. இரண்டும் ஒன்றே என நான் வாதிக்கவில்லை. அன்றையது தோற்கடிப்பதற்காகவே வைக்கப்பட்டது; இன்றையதில் ஆயிரக்கணக்கானோர் சித்தியெய்துகின்றனர். ஆனால் வாசலில் நின்று மொழியைக் கேட்பவன் யார், அவன் எதற்காகக் கேட்கிறான் என்ற வினா அன்றும் இன்றும் ஒன்றுதான்.

பரீட்சையின் அமைப்பை அறியாத வாசகர் இன்று அரியர். கேட்டல் அரைமணி, வாசித்தல் ஒரு மணி, எழுதுதல் ஒரு மணி, பேசுதல் 11 முதல் 14 நிமிடம். கேட்டற் பகுதியில் ஒலிப்பதிவு ஒரே ஒரு தடவைதான் ஒலிக்கும். எழுத்தில் இரண்டு வேலைகள்: வரைபடம் போன்ற ஒன்றை 150 சொற்களிலே விவரித்தல், ஒரு பொருள் குறித்து 250 சொற்களிற் கட்டுரை வரைதல். பெறுபேறு 9 வரையிலான அளவில் அரைப்புள்ளி இடைவெளிகளில் வழங்கப்படும். அப்பெறுபேறு 2 ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். பாவிக்காத மொழி மங்கும் என்று அதற்கு விளக்கம் கூறுகின்றார்கள், இருக்கலாம். ஆயினும் மருந்துப் போத்தலைப் போல மொழியறிவுக்கும் காலாவதித் திகதி குறித்துவிட்டால், கட்டணம் மீண்டும் மீண்டும் வந்துசேரும் என்பதும் உண்மைதானே?

கட்டணம் யாருக்குப் போகிறது? பரீட்சையின் உரிமையாளர் மூவர்: பிரித்தானியக் கவுன்சில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பதிப்பு–பரீட்சைப் பிரிவு, அவுஸ்திரேலியாவின் ஐ. டி. பி. நிறுவனம். இம்மூன்றாமவர் 1969 இல் அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களின் ஆசிய ஒத்துழைப்புத் திட்டமாகத் தோன்றியவர். 2015 முதல் பங்குச் சந்தையில் விலைகூறப்படும் கம்பனி. 2021 இல் பிரித்தானியக் கவுன்சில், இந்தியாவிலே தான் நடத்திவந்த இப்பரீட்சை வியாபாரத்தை 130 மில்லியன் பவுணுக்கு அந்தக் கம்பனியிடமே விற்றது. ஒரு தேசத்து இளைஞரின் புறப்பட்டுப் போகும் ஆசைக்கு, தேயிலைத் தோட்டத்துக்கு விலை பேசுவதுபோல விலை பேசப்பட்டிருக்கிறது. அதே கம்பனி மாணவரை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிற் சேர்த்துவிட்டு அவற்றிடம் தரகு பெறும் தொழிலையும் செய்கிறது. வாசலில் நின்று மொழியைச் சோதிப்பவனும் உள்ளே ஆட்சேர்ப்பவனும் ஒரே முதலாளி. எமது கிராமத்து வட்டிக்கடைக்காரன்கூட நிறுக்கும் தராசை வேறொருவன் கையிலே கொடுத்துவைப்பான்.

இத்தகைய நிறுவனங்களின் தீர்ப்பு மனிதரை என்ன செய்யக்கூடும் என்பதற்கு ஒரு சான்று போதும். 2014 இல் இலண்டனின் இரண்டு பரீட்சை நிலையங்களிலே ஆள்மாறாட்டமும் விடை வாசித்துக் கொடுத்தலும் நடந்தமையை பி. பி. சி. படம்பிடித்துக் காட்டியது. மோசடி நடந்தது உண்மை. அதனை நான் மறைக்கவில்லை. அது ‘ரோயிக்’ எனும் வேறொரு ஆங்கிலப் பரீட்சை. அதனை நடத்தியது ஈ. ரி. எஸ். என்ற அமெரிக்க நிறுவனம். பிரித்தானிய உள்துறை அமைச்சு அந்நிறுவனத்தையே மீளாய்வு செய்யும்படி கேட்டது. 2011 முதல் 2014 வரை பிரித்தானியாவில் நடைபெற்ற 58,458 பரீட்சைகளில் 97 சதவீதம் சந்தேகத்துக்குரியவை என்று பதில் வந்தது! நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் கள்வர் என்றால், மூன்று பேர் எங்ஙனம் தப்பினர் என்று கேட்க அமைச்சிலே ஆளிருக்கவில்லை. ஆயிரக்கணக்கான மாணவரின் வீசா இரத்துச் செய்யப்பட்டது. பலர் நாடுகடத்தப்பட்டனர், பலர் தமக்கெதிரான சாட்சியம் எதுவென்று அறியாமலே ஆண்டுக்கணக்காக நீதிமன்றங்களில் அலைந்தனர். நன்றாக ஆங்கிலம் பேசி நீதிபதி முன் வாதாடியவரும், தமக்கு ஆங்கிலம் தெரியும் என்பதை நிரூபிக்க நேர்ந்தது. 2019 இல் பிரித்தானியத் தேசிய கணக்காய்வு அலுவலகம், குற்றமற்றோரும் இதில் அகப்பட்டிருக்கக்கூடும் என்பதை அமைச்சு போதிய அளவு ஆராயவில்லை என்று குறை கண்டது. அதற்குள் இளமையின் ஐந்து வருடங்கள் போய்விட்டன.

இனி எமது பக்கம் திரும்புவோம்.

வடமராட்சியின் கரையோரக் கிராமமொன்றிலே என்னிடம் கணிதம் கற்ற மாணவன் ஒருவன். தகப்பன் கடற்றொழிலாளி. உயர்தரத்தில் மூன்று பாடங்களிலும் சித்தி. ஆயினும் பல்கலைக்கழகம் புகப் புள்ளி போதவில்லை. இந்நாட்டிலே தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடமுண்டு என்பதை ஆசிரியர்கள் அறிவர். 2022 இல் நாடு வங்குரோத்தாகி, டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குத் தாவியபோது, எஞ்சியிருந்த நம்பிக்கையும் போயிற்று. அவன் வெளிநாடு சென்று படிக்கத் தீர்மானித்தான். கேட்கப்பட்டது ஒவ்வொரு பகுதியிலும் 6.5. மூன்று தடவை பரீட்சைக்குத் தோற்றினான். கேட்டலில் 7, வாசித்தலில் 7, பேச்சில் 6.5. எழுத்தில் மட்டும் மூன்று தடவையும் 6. பரீட்சைக் கட்டணமோ எம்போன்ற ஆசிரியன் ஒருவனின் மாதச் சம்பளத்திற் பெரும்பகுதி. முதற் தடவை தகப்பன் வலை வாங்க வைத்திருந்த காசு; மற்ற இரு தடவைகளும் தாயின் சங்கிலி.

அவன் சென்ற வகுப்புக்கு நானும் ஒருநாட் சென்றிருந்தேன். ஐம்பது, அறுபது இளைஞர், குளிரூட்டிய மண்டபம், சுவரிலே வெளிநாட்டுக் கட்டடங்களின் படம். அங்கு கற்பிக்கப்பட்டது ஆங்கிலம் அன்று. கட்டுரையின் முதல் வாக்கியம் இது, இரண்டாம் பந்தியின் தொடக்கம் இது, ‘ஒருபுறம்’ என்று இத்தனையாம் வரியிலும் ‘மறுபுறம்’ என்று இத்தனையாம் வரியிலும் எழுதுக என்று அச்சடித்த தாள் கொடுத்தார்கள். எப்பொருள் வந்தாலும் இந்த அச்சிலே வார்க்கலாமாம். மனனஞ் செய்த விடையைக் கண்டால் புள்ளியைக் குறைக்கும்படி பரீட்சகருக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது என்பதை அவ்வகுப்பில் எவரும் சொல்லவில்லை. அன்றைய மாதிரி வினா பொது நூலகங்களைப் பற்றியது: அரசு அவற்றுக்குப் பணம் செலவிடுதல் தகுமா, இருபக்க நியாயங்களையும் எழுதுக. 1981 இலே நூலகம் எரிந்த ஊரின் பிள்ளைகள், நூலகம் வேண்டாம் என்பதற்கு இரண்டு நியாயங்களைத் தாளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். என் மாணவன் எழுத்தில் 6 பெற்றமைக்குக் காரணம் மொழிக் குறைவன்று என்பது என் துணிபு. தன் மனத்தில் உள்ளதை எழுதும் பழக்கத்தை எந்த மொழியிலும் அவனுக்கு நாம் கற்பிக்கவில்லை. தமிழிலேயே ‘எனது பாடசாலை’, ‘நான் ஒரு பஸ் வண்டி’ என்ற அச்சுக் கட்டுரைகளைப் பத்தாண்டு மனனஞ் செய்வித்தவர்கள் யார்? நாமே.

அவன் நான்காம் முறை ஆயத்தமாகிக்கொண்டிருக்கையில் அளவுகோலே மாறியது. 2024 மார்ச் மாதத்தில் அவுஸ்திரேலியா மாணவர் வீசாவுக்கான குறைந்த புள்ளியை 5.5 இலிருந்து 6 ஆக உயர்த்தியது. அவ்வாண்டு ஜூலையில் வீசாக் கட்டணத்தை 710 டொலரிலிருந்து 1,600 டொலராக ஏற்றியது. அந்நாட்டிலே வீட்டு வாடகை உயர்ந்து, குடிவரவைக் குறைக்கும்படி வாக்காளர் கூக்குரலிட்டார்கள்; அதற்குப் பரிகாரமாக ஒரு மொழிப் பரீட்சையின் புள்ளி நகர்த்தப்பட்டது! அரைப் புள்ளி என்பது கல்வியின் தேவையிலிருந்து பிறப்பதன்று, அரசியலின் தேவையிலிருந்து பிறப்பது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

மேலும் ஒன்று. இப்பரீட்சை எல்லோருக்கும் பொதுவானதன்று. பிரித்தானியா வெளியிட்டுள்ள ‘பெரும்பான்மையோர் ஆங்கிலம் பேசும் நாடுகள்’ என்ற பட்டியலில் உள்ள தேசத்தவர் மொழித் திறனை நிரூபிக்கவேண்டியதில்லை. அமெரிக்காவும் கனடாவும் மேற்கிந்தியத் தீவுகள் பலவும் அதில் உண்டு. ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகவே கொண்ட நைஜீரியாவோ கானாவோ இல்லை. ஆபிரிக்கக் கண்டத்தின் ஒரு நாடேனும் இல்லை. இலங்கையும் இல்லை. நூற்றைம்பது ஆண்டுகள் எம்மை ஆங்கிலத்திலே ஆண்டு, ஆங்கிலத்திலே வரிவிதித்து, ஆங்கிலந் தெரிந்தவனுக்கே உத்தியோகம் என்று வகுத்தவர்கள், இன்று அம்மொழி உனக்குத் தெரியுமா என்று காசு வாங்கிக்கொண்டு கேட்கிறார்கள்.

இவ்வளவும் சொன்னதும் நண்பர் சிலர் என்னை மறிப்பர். “பிள்ளைகள் போவதைத் தடுக்கிறீரா? ஆங்கிலம் வேண்டாம் என்கிறீரா?” என்பர். இல்லை. வட்டுக்கோட்டைச் செமினரியிலே ஆங்கிலக் கல்வி பெற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவரானார். அவரே பின்னர் கறையான் தின்ற ஏடுகளைத் தேடியெடுத்துக் கலித்தொகையை 1887 இல் அச்சேற்றியவர். ஆங்கிலம் தமிழுக்குப் பகையன்று. ஆயின் அதே செமினரியை அமெரிக்க மிஷன் 1855 இல் மூடியதேன்? ஆங்கிலங் கற்றவர் கிராமத்தை விட்டு உத்தியோகந் தேடிப் போய்விடுகின்றனர் என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. மானிப்பாயிலே மருத்துவங் கற்பித்த டாக்டர் கிறீனும் அதனைக் கண்டார். அவர் மிஷனரி; அவர் நோக்கங்கள் வேறு. எனினும் அவர் செய்த காரியம் கவனிக்கத்தக்கது: மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, தம் மாணவர் ஊரிலே நின்று சிகிச்சை செய்ய வழிசெய்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழில் உடற்கூறு கற்பிக்க முடிந்த மண்ணில், இன்று பொறியியல் கற்க விரும்பும் பிள்ளை மின்கம்பத்து விளம்பரத்தை நாடுகிறது.

இதற்கான பொறுப்பில் எமக்கும் பங்குண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. கீழ் நீதிமன்றங்களிலும் பொலிஸ் நிலையங்களிலும் மக்கள் மொழி வழங்கவேண்டும் என்று 1936 இலேயே அரசாங்க சபையிற் குரல்கொடுத்தவர்கள் சமசமாஜக் கட்சியினர். அது நீதியான கோரிக்கை, இன்றும் நீதியானதே. சுயபாஷைக் கல்வியும் 1945 இன் இலவசக் கல்வியும் இல்லையெனில் என் போன்றோர் பலர் பாடசாலை வாசலையே மிதித்திரார். யாழ்ப்பாணத்திலே 1930 ஆம் ஆண்டளவில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் மற்றவரோடு சமமாக ஆசனத்தில் அமரலாம் என்றதற்காகப் பாடசாலைகள் தீயிடப்பட்டமையை மறந்தவரே இலவசக் கல்வியை இகழ்வர். ஆனால் சுயபாஷை வந்தபோது மேலிடத்தார் தம் பிள்ளைகளுக்கு வீட்டிலே ஆங்கிலத்தைப் பத்திரப்படுத்தினர். சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் ‘கடுவ’, அதாவது வாள், என்று அழைப்பது வேடிக்கையாக அன்று. அது தம்மேல் வீசப்படுவதை அவர்கள் உணர்ந்தனர். மக்களின் பிள்ளைகளுக்கு அந்த வாளையும் கொடுக்கவேண்டும் என்று எமது இயக்கம் உரத்துக் கேட்கவில்லை. தோட்டப் பாடசாலைகளிலும் வன்னிப் பாடசாலைகளிலும் ஆங்கில ஆசிரியர் இல்லாமையை ஆண்டறிக்கையிலே ஒரு வரியாக எழுதிவிட்டு இருந்தோம். இன்று அந்த வெற்றிடத்திலேதான் ரியூட்டரி முதலாளி கடை விரித்திருக்கிறான். முதலாம் வகுப்பு முதல் உயர்தரம் வரை அரசு ஆங்கிலம் கற்பித்ததாகக் கணக்குக் காட்டுகிறது. பதின்மூன்று வருடத்தில் வராத மொழியை மூன்று மாதத்தில் தருவதாக அவன் விளம்பரஞ் செய்கிறான். இருவரும் பொய் சொல்கின்றனர். இரண்டாமவனுக்குத்தான் தாயின் சங்கிலி போகிறது.

நல்ல ஆங்கிலம் தெரிந்த தோழர்கள் எம்மிடையே உள்ளனர். அவர்களிற் சிலர் மாலையில் அதே ரியூட்டரிகளில் மணித்தியாலக் கூலிக்கு அந்த அச்சுத் தாளைப் படிப்பிக்கின்றனர். சம்பளம் போதவில்லை என்பர், உண்மை. அவர்களை நான் ஏசவில்லை. ஆனால் மேடையிலே ஏகாதிபத்தியத்தைச் சாடிவிட்டு மாலையில் அதன் வாசற்படியைத் துடைப்பவர்கள், வாரத்தில் ஒரு நாளையாவது காசு வாங்காத ஒரு கரும்பலகைக்கு ஒதுக்கமுடியாதா?

எமது கிராமத்து வாசிகசாலையின் பின்னறையில் கடந்த தை மாதம் தொடங்கி ஞாயிறு காலைகளில் ஆங்கிலம் கற்பித்து வருகிறோம். அச்சுத் தாள் இல்லை. முதல் மாதம் தமது கடலையும் தமது தெருவையும் பற்றித் தமிழிலே எழுதினார்கள்; பின்னர் அதையே ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார்கள். பிழைகள் ஏராளம். மேற்சொன்ன மாணவனும் வருகிறான்; போகும் எண்ணத்தை அவன் கைவிடவில்லை, கைவிடும்படி நானும் சொல்லவில்லை. பதினான்கு பேருடன் தொடங்கிய வகுப்பில் இப்போது இருபத்தாறு பேர். பேச்சுப் பயிற்சிக்கு எம்மிடம் ஆளில்லை. பருத்தித்துறைப் பக்கம் ஞாயிறு காலை வரக்கூடிய ஆங்கில ஆசிரியர் எவராயினும் இதனை வாசித்தால், பஸ் செலவை நாம் கொடுப்போம்.