முதுமைக்கு ஏற்ற ஊர் எது?

நெசவாளருக்கும் விவசாயிக்கும் ஓய்வு பெறும் நாள் என்று ஒரு நாள் குறிக்கப்படுவதில்லை. அலுவலகத்தில் பணிபுரிந்தோருக்கு மாலை மரியாதையும் பிரிவுபசாரமும் உண்டு. நம் அங்கத்தினர்களுக்கோ கண் மங்கி இழை தெரியாமற் போகும் நாளும், மண்வெட்டி கனக்கத் தொடங்கும் நாளுமே ஓய்வு நாட்கள். அந்நாள் வந்தவுடன் வீட்டில் எழும் முதற்கேள்வி, "இனி எங்கே இருப்பது?" என்பதாகும். இக்கேள்விக்கு அவசரத்தில் விடை கண்டு, பின்னர் வருந்துவோர் பலரை நாம் சங்கங்களுக்குத் தணிக்கைக்குச் செல்லும்போது காண்கிறோம். ஆகவே அதுபற்றிச் சில கூற விரும்புகிறோம்.

ஈரோடு மாவட்டத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் வாழ்ந்த முதிய தம்பதியரை நாம் அறிவோம். கணவர் நாற்பதாண்டுகள் குழித்தறியில் அமர்ந்தவர். மக்கள் இருவரும் திருப்பூரில் வேலை செய்கின்றனர். "தறி நின்ற பிறகு இவ்வீடு எதற்கு? விற்றுவிட்டுப் புறவழிச்சாலைக்கு அப்பால் மலிவாக ஒரு வீடு வாங்குவோம்" என்று மக்கள் கூறினர். பெற்றோரும் இசைந்தனர். பழைய வீடு ஒன்பது லட்சம் ரூபாய்க்குப் போயிற்று. புதிய வீட்டிற்கு ஐந்து லட்சம் செலவாயிற்று. எஞ்சிய நான்கு லட்சத்தை வங்கியில் இட்டதில், ஏழு சதவிகித வட்டியாக மாதம் சுமார் 2,300 ரூபாய் கிடைத்தது. கணக்கைப் பார்த்த எவரும் இதை நல்ல ஏற்பாடு என்றே கூறுவர்.

ஆனால் கணக்கில் ஏறாத செலவுகள் சில இருந்தன. தெருவில் இருந்தவரை அவ்வம்மையார் அக்கம்பக்கத்துத் தறிகளுக்குத் தார் சுற்றிக் கொடுத்து மாதம் ஆயிரத்தைந்நூறு ரூபாய் ஈட்டி வந்தார். புதிய இடத்தில் தறியே இல்லை. ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் ஆட்டோ வாடகை மாதம் தொள்ளாயிரம். குடிநீர் விலைக்கு வாங்கியதில் அறுநூறு. ஆக, வந்தது 2,300, போனது 3,000. இரண்டாண்டுகள் கழிந்தபின் அவர்கள் அதே நெசவாளர் தெருவிற்குத் திரும்பினர், வாடகைக்கு! தாம் பிறந்து வளர்ந்த வீட்டின் வாசலைக் கடந்து, நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் அப்பெரியவர் நம்மிடம், "ஐயா, வீட்டை விற்றோம் என்று நினைத்தோம், தெருவை அல்லவா விற்றுவிட்டோம்!" என்றார். இதைவிடத் தெளிவாக நாமும் கூற இயலாது.

நிற்க. ஒருவரும் ஊர் மாறலாகாது என்பது நமது கருத்தன்று. திருப்பூரிலோ சென்னையிலோ வருவாயிற் பெரும்பகுதியை வாடகைக்குக் கொடுத்து வாழ்ந்தவர்கள், வேலை நின்றபின் சொந்த ஊர் திரும்புவது அறிவுடைமையே. தோட்டத்துச் சாளையில் தன்னந்தனியே வாழும் முதிய விவசாயி, நிலத்தைக் குத்தகைக்கு விட்டு ஊருக்குள் குடிவருவதும் நன்றே. இரவில் நெஞ்சுவலி வந்தால் குரல் கொடுக்க ஓர் அயல்வீடு வேண்டாமா? ஆயினும், மனையின் மலிவு வேறு, வாழ்க்கையின் மலிவு வேறு என்பதை மறத்தலாகாது. மனைக்கு ஒருமுறை விலை கொடுக்கிறோம். தூரத்திற்கோ மாதந்தோறும் விலை கொடுக்கிறோம்.

ஊரைத் தேர்வோர் முதலில் நோக்க வேண்டுவது மருத்துவ வசதி. இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர் மருந்துக்காக எவ்வளவு தூரம் செல்ல வேண்டியிருக்கும்? ஆரம்ப சுகாதார நிலையம் நடந்து செல்லும் தொலைவில் உளதா? பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரடிப் பேருந்து உண்டா? தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. நகரப் பேருந்தே எட்டிப் பாராத மனைப்பிரிவில் குடியிருப்போருக்கு அச்சலுகையால் யாது பயன்?

அடுத்தது உணவு. ரேஷன் அட்டையைப் பற்றிய கவலை முன்போல் இல்லை. 2020 அக்டோபரில் தமிழ்நாடு ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் சேர்ந்தபின், வேறு ஊர்க் கடையிலும் பொருள் பெற வழி ஏற்பட்டது. ஆனால் கடை எங்கே என்பதே கேள்வி. 1999இல் மதுரையில் முதன்முதல் திறக்கப்பட்ட உழவர் சந்தை இன்று பல ஊர்களில் உள்ளது. அத்தகைய ஊரில் காய்கறிச் செலவு குறையும் என்பதை இல்லத்தரசிகள் நம்மைவிட நன்கறிவர்.

மூன்றாவது, சங்கத்தின் தொடர்பு. நெசவாளர் கூலியிலிருந்து பிடித்துச் சேர்த்த சேமிப்பு நிதி, பங்குத் தொகை, முதியோர் ஓய்வூதியம் ஆகியவை பல்லாண்டு உழைப்பின் பயன். ஓய்வூதியம் 2023ஆம் ஆண்டில் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில், கைத்தறி உள்ள வீட்டிற்கு இரு மாதங்களுக்கு அளிக்கப்படும் இலவச மின்சாரம் 200 யூனிட்டிலிருந்து 300 ஆயிற்று. தறியைப் பெயர்த்தால் அச்சலுகையும் போகும். ஊர் மாறுமுன் சங்க மேலாளரிடம் சென்று, தமக்குரிய தொகைகளும் உரிமைகளும் என்னவாகும் என்று கேட்டு, விடையை எழுத்தில் பெறுதல் வேண்டும்.

நான்காவது, பத்திரங்கள். மலிவு மனை வாங்குவோர் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா என்று பார்த்தே முன்பணம் கொடுக்க வேண்டும். வீட்டை மக்கட்கு எழுதி வைப்போர், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை அப்பத்திரத்திலேயே சேர்த்தல் அவசியம். அவ்வாறு சேர்த்திருந்து பராமரிப்பு கிட்டாதாயின், 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அவ்வுடைமை மாற்றத்தைச் செல்லாததாக்க வழி செய்கிறது. மக்கள்மீது ஐயங்கொள்வதாக இதை எண்ண வேண்டா. நல்ல மகன் இந்நிபந்தனைக்கு வருந்தமாட்டான்.

இவை அனைத்திற்கும் மேலாக நாம் வற்புறுத்துவது ஒன்றே: விற்குமுன் வாழ்ந்து பாருங்கள். சொந்த வீட்டைப் பூட்டியோ, வாடகைக்கு விட்டோ, கருதிய ஊரில் ஓராண்டு வாடகைக்குக் குடியிருங்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கழியட்டும். கோடையில் குழாயில் நீர் வருகிறதா, மழையில் பாதை சேறாகிறதா, காய்ச்சல் வந்த நாளில் கஞ்சி கொண்டுவர ஒருவர் உண்டா என்பன அப்போது விளங்கும். ஓராண்டு வாடகை வீண் செலவன்று. வீட்டை இழக்காமலிருக்கக் கட்டும் சிறு காப்புத் தொகை அது.

இதில் சங்கங்களுக்கும் கடமையுண்டு. 1904ஆம் ஆண்டில் திரூரில் விவசாயக் கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரக் கடன் சங்கமும் தோன்றிய நாள் முதல், தனியொருவரால் இயலாததைப் பலர் கூடி இயற்றுவதே நமது வழி. சங்கக் கட்டடத்தை ஒட்டி வெற்றிடம் உள்ள இடங்களில், முதிய அங்கத்தினர்க்குக் குறைந்த வாடகையில் நான்கைந்து அறைகள் கட்டுவது பற்றி நிர்வாகக் குழுக்கள் ஏன் ஆலோசிக்கலாகாது? கோவையைச் சுற்றி, வசதி படைத்த முதியோருக்கெனக் குடியிருப்புகள் பல எழுந்துள்ளன. தறியொலி கேட்கும் தூரத்தில், தார் சுற்றும் வேலையும் கைக்கெட்ட, பழகிய முகங்களிடையே முதுமையைக் கழிக்கும் வாய்ப்பு எளிய நெசவாளருக்கும் கிட்ட வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் யாரேனும் ஓர் அங்கத்தினர் எழுந்து இதைக் கேட்பாராயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை நாம் பெற்றவராவோம்.