தள்ளு... தள்ளு!

கடம்பத்தூரில் எங்கள் தெரு ஆட்களுக்கு ஜிம் தேவைப்படவில்லை. தினமும் காலையில் என் அம்பாஸடரைத் தள்ளினார்கள். அப்பா விட்டுப்போன வண்டி. அதே கம்பெனி பக்கத்துத் திருவள்ளூரில் 1998-லேயே லான்சர் செய்ய ஆரம்பித்தது. 2014-ல் அம்பாஸடர் உற்பத்தியும் நின்றது. எனக்குத்தான் விற்க மனசு வரலை.

சாவியைத் திருப்பினால் 'டொக்'. அவ்வளவுதான். "ஸ்டார்ட்டர் மோட்டார் காலி" என்று நானே தீர்ப்பு எழுதினேன். பி.காம். ஆச்சே! கூலியை மிச்சம் பிடிக்க, ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் படுத்தேன். ஒரு தடி ஒயர், ரெண்டு போல்ட். என்ன பெரிய வித்தை? ஸ்பேனர் எங்கோ பட்டது... பளீரென்று தீபாவளி!

"சார், முதல்ல பேட்டரி ஒயரைக் கழட்டணும்!" என்று எதிர்க்கடை மெக்கானிக் பாய் ஓடி வந்தார்.

ஒரு வழியாகப் புது மோட்டாரை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். 'டொக்'.

பாய் பேட்டரியைப் பார்த்தார். டெர்மினல் பூரா வெள்ளைப் பூ. "லைட்டுக்குக் கொஞ்சம் கரண்ட் போதும், எரியும். மோட்டாருக்கு நிறைய வேணும் சார், இது விடாது" என்றவர், ஒயரைக் கழற்றி வெந்நீர் ஊற்றித் தேய்த்தார். இறுக்கி, வாஸ்லின் தடவினார். பழைய மோட்டாரையே திரும்ப மாட்டினோம். 'உர்ர்ர்!'

புது மோட்டார் பீரோ மேல் இருக்கிறது. டெட் ஸ்டாக்!

அப்பா ஞாயிறு தவறாமல் வெந்நீரும் வாஸ்லினுமாக வண்டிக்குப் போவார். "இந்த வயசுல மேக்கப்பா?" என்று கிண்டலடித்தவன் நான்.

ஸாரிப்பா!