காற்று மேற்கிலிருந்தும் வரும்

“நமக்குன்னு ஒரு மலை இருந்திருந்தா வர்தா புயல் இந்த ஆட்டம் ஆடியிருக்குமா?” 2016 டிசம்பருக்குப் பிறகு சென்னை ராயபுரம் டீக்கடைகளில் இந்தக் கேள்வி ஓயவேயில்லை. நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவன். காற்றுக்குப் பயந்தே சோறு தின்றவன். மலையைக் காவல் தெய்வமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

கடலில் பிறந்த புயல் கரையேறி மலைப்பக்கம் போனால் தளரும், சரி. ஆனால் காற்று அது மட்டுமல்ல. டொர்னாடோ வேறு ரகம். இடிமேகத்தின் அடியிலிருந்து தரைக்கு இறங்கும் சுழல் அது. பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் அகலம், சில நிமிட ஆயுள். தரையருகே ஈரமான வெக்கை, அதற்கு மேலே வறண்ட காற்று, உயரம் கூடக்கூட மாறும் காற்றின் திசையும் வேகமும் அதற்கு வேண்டும். சித்திரை மாதத்து வங்காளத்தில் இவையெல்லாம் கூடிவிடும். வங்கக்கடலின் ஈரம் கீழே கிடக்க, சோட்டா நாகபுரி மேட்டுநிலப் பக்கமிருந்து வரும் சூடான வறள்காற்று அதன்மேல் மூடியாக உட்காரும். மூடி பிளந்தால் மேகம் வெறிபிடித்து எழும். 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் தவுலத்பூர், சாட்டூரியா பகுதிகளில் சுமார் 1,300 பேர் செத்தார்கள். அங்கே மலையே கிடையாது. எங்கோ மேற்கே இருக்கும் மேட்டுநிலத்துக்கும் அதில் பங்குண்டு.

2024 மார்ச் 31 அன்று சுழல் அடித்த ஜல்பைகுரியோ இமயமலை அடிவாரத்துச் சமவெளி. மலை பக்கத்தில் நின்றும் தடுக்கவில்லை. உயரத்தில் காற்று குளிர்ந்து ஈரம் குறைவதால் மலைமேல் சுழல் அபூர்வம்தான். ஆனாலும் 1987 ஜூலையில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பகுதியில் 3,000 மீட்டருக்கும் மேலே ஏறி ஒரு சுழல் காட்டை மொட்டையடித்தது.

நம் பக்கம் உயரக் காற்றுக்கு வங்காளத்தின் முறுக்கு இல்லாததால் டொர்னாடோ பயம் குறைவு. மலையின் வேலை மட்டும் இங்கேயும் உண்டு. வடமேற்கே நகரி மலையின் ‘மூக்கு’, பழைய மாலுமிகள் கடலிலிருந்து சென்னையை அடையாளம் கண்ட சிகரம். கோடையிலும் ஆடி, ஆவணியிலும் அந்த மலைகளும் ஜவ்வாது மலையும் பகலெல்லாம் காய, சரிவேறும் காற்று மதியத்துக்கு மேல் இடிமேகமாகத் திரளும். மேலைக்காற்று அதைத் திருவள்ளூர் வழியாக நம்மிடம் தள்ளும். வழியில் கடல்காற்று மோதினால் இன்னும் கொழுக்கும். மழைக்கு முன்னால் மேகத்தின் அடியிலிருந்து ஒரு குளிர்காற்று கொட்டும் பாருங்கள், கிரேன்காரனுக்கு அதுதான் எமன். மேலே உட்கார்ந்திருக்கும்போது மணலிப் பக்கம் வானம் கறுத்தால், கிரேனின் நீண்ட கையான பூமைத் தூக்கி நிறுத்திவிட்டு இறங்கவே நேரம் போதாது. அடுக்கின் உச்சியில் இருக்கும் காலி கன்டெய்னரை அந்தக் காற்று நகர்த்திவிடும்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு முக்கியமாகக் கடலைப் பார்த்துப் பேசுவது. 1 முதல் 11 வரை அதன் எண்கள் எண்ணூர்க் குழந்தைக்கும் தெரியும். மேற்கிலிருந்து அரைமணியில் வரும் காற்றுக்கு அது எப்படி ஈடுகொடுக்கும்? துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் மேலே டாப்ளர் ரேடார் 2002 முதல் இருக்கிறது. நகரியில் மேகம் எழும்போதே அதற்குத் தெரியும். வானிலை மையம் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கையும் வெளியிடுகிறது. அது ஆபீஸ் கம்ப்யூட்டரோடு நின்றுவிடுகிறது. கன்டெய்னர்களைக் கட்டி லாஷிங் அடிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்குப் போவதில்லை.

ராயபுரம் முதல் காட்டுப்பள்ளி வரை கன்டெய்னர் யார்டு நடத்துபவர்களே, திருவள்ளூருக்கு இடிக்காற்று எச்சரிக்கை வந்த நிமிடமே சைரன் ஊதுங்கள். அடுக்கின் மேல் நிற்பவனை இறக்குங்கள். வேலை நின்ற அந்த அரைமணிக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் எவனும் இறங்கமாட்டான்.